பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் பதிவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்பது, "வீட்டில் ஒரு பெட்டி நிறைய கேசட் கிடக்கிறது, அதை கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?" என்பதுதான். முடியும். செலவும் அதிகம் இல்லை. ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதைப் பிறகு செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அந்த வரிசையை மாற்றியதால் நான் ஒரு பாதி கேசட்டை இழந்தேன். அந்தக் கதையோடு சேர்த்தே செய்முறையைச் சொல்கிறேன்.

கொடைக்கானலில் எங்கள் தெருவில் ஒரு வங்காளி சார் இருந்தார். சூரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பும்போது ஒரு செருப்புப் பெட்டி நிறைய கேசட்டுகளை என்னிடம் கொடுத்து, "உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே" என்றார். அதில் ஓர் அறுபது நிமிட கேசட்டின் அட்டையில் வங்காள எழுத்தும் 1977 என்ற எண்ணும் மட்டும் இருந்தன. போனில் விசாரித்தபோது, "அது மொஹினேர் கோராகுலி. நண்பன் வீட்டில் ரெக்கார்டைச் சுழலவிட்டு, டேப் ரெக்கார்டரை எதிரில் வைத்துப் பதிந்தேன். தட்டு போய்விட்டது, அது ஒன்றுதான் பாக்கி" என்றார்.

மொஹினேர் கோராகுலி என்றால் மொஹீனின் குதிரைகள். ஜீவனானந்த தாஸின் ஒரு கவிதையிலிருந்து எடுத்த பெயர். கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் சேர்ந்து 1970களின் நடுவில் கல்கத்தாவில் தொடங்கிய இசைக்குழு இது. வங்கத்தில் ஊர் ஊராக நடந்து பாடும் பவுல் பாடகர்களின் பாட்டையும் (நம் சித்தர் பாடல்களின் சாயல் அதில் உண்டு) அமெரிக்க ஜாஸ் இசையையும் சேர்த்துத் தங்கள் இசைக்கு 'பவுல் ஜாஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1977, 78, 79 என மூன்று ஆண்டுகளில் மூன்று ரெக்கார்டுகள் வந்தன. அப்போது வாங்குவார் இல்லை. 1981ல் குழு கலைந்தது. 1995ல் கௌதம் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தொகுப்பு வெளியிட்ட பிறகுதான் வங்காளம் பழைய ரெக்கார்டுகளைத் தேட ஆரம்பித்தது. 1999ல் அவர் மறைந்தார். 2006ல் வந்த 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் 'பீகீ பீகீ' பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அந்த மெட்டு 1995 தொகுப்பிலிருந்து போனதுதான்.

சரி, கேசட்டுக்கு வருவோம். பழனி மலைக் குளிரும் பனிமூட்டமும் மனிதருக்கு நல்லது, டேப்புக்கு ஆகாது. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே பிளேயரில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதலில் உலர வைக்க வேண்டும், வெயிலில் அல்ல, நிழலில். கொடைக்கானல் மழைக்காலத்தில் எதுவும் உலராது என்பதால் வத்தலக்குண்டில் உள்ள தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் அலமாரியில் இருந்து திரும்பி வந்தது. பிறகு மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் பொடியைத் தட்டினேன். பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடவும். கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் டேப் இறுக்கம் தளரும்.

அடுத்து இணைப்பு. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், இரு முனையிலும் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின். டெஸ்க்டாப் என்றால் பின்புறம் நீல நிறத் துளைதான் லைன் இன். அதில் செருகவும். இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது. மெல்லிய சிக்னலைப் பெருக்குவதற்காக உள்ளது என்பதால் டேப்பின் ஒலி அதில் கரகரவென்று உடையும். இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் ஒரே துளைதான், அதுவும் மைக் வகை. அவர்கள் லைன் இன் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் 'ம்ம்ம்' என்ற மின்சார ஓசை சேர்ந்து வந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல சமயம் நின்றுவிடும்.

சாப்ட்வேருக்கு அடாசிட்டி போதும். இலவசம். அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். ரெக்கார்டிங் டிவைஸ் என்ற இடத்தில் உங்கள் லைன் இன் அல்லது அடாப்டரைத் தேர்வு செய்திடவும். கேசட்டின் சத்தமான பாட்டு ஒன்றை ஓட்டி, மீட்டர் உச்சத்தில் மைனஸ் 6ஐத் தாண்டாதபடி ஒலியளவை அமைக்கவும். பிறகு ஆர் கீயைத் தட்டினால் பதிவு தொடங்கும், ஸ்பேஸ் பார் தட்டினால் நிற்கும். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பதியுங்கள், பாட்டுப் பாட்டாகப் பிரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ மூலம் வேவ் பைலாக சேவ் செய்திடவும். சி.டி. தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஏறக்குறைய 600 எம்.பி. வரும். இடத்துக்காகக் கவலைப்பட்டால் பிளாக் பார்மட்டில் சேவ் செய்யலாம். தரம் சிறிதும் குறையாமல் சுமார் பாதி அளவில் அடங்கும். எம்.பி.3 கேட்பதற்கு மட்டும்.

இந்த முதல் பைலை எதுவும் செய்யாமல் அப்படியே தனி போல்டரில் வையுங்கள். பென் டிரைவில் ஒன்று, வேறொரு டிஸ்க்கில் ஒன்று என நகலும் எடுத்துவிடுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

பதிந்த உடனேயே சுத்தம் செய்ய உட்கார்ந்துவிட்டேன். டேப்பின் 'ஸ்ஸ்', ரெக்கார்டின் 'பட் பட்', நண்பர் வீட்டு அறையின் ஓசை எல்லாம் கலந்திருந்தன. அடாசிட்டியில் இரைச்சல் மட்டும் உள்ள இரண்டு மூன்று வினாடியைத் தேர்வு செய்து, எபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்ஷன் பெற்று, கெட் நாய்ஸ் புரொபைல் கிளிக் செய்தால் புரோகிராம் அந்த இரைச்சலைக் கற்றுக்கொள்ளும். பிறகு முழுவதையும் தேர்வு செய்து மீண்டும் அதே எபெக்டைக் கொடுக்க வேண்டும். ஒலியைக் கீழ் ஸ்தாயி முதல் மேல் வரை பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கற்ற அளவுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிடும். நான் 24 டெசிபல் கொடுத்தேன். பாட்டுகளுக்கு இடைப்பட்ட இடங்களைத் தேர்வு செய்து கண்ட்ரோல் + எல் தட்டி முழு மௌனம் ஆக்கினேன். அதே பெயரில் சேவ் செய்து வங்காளி சாருக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் போன் வந்தது. "ரொம்ப நன்றி. ஆனால் டிராம் மணி எங்கே?" என்றார்.

நண்பர் வீடு டிராம் போகும் தெருவில் இருந்ததாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஜன்னல் வழியாக மணிச் சத்தம் கேட்குமாம். அதை நான்தான் அழித்திருந்தேன். பாட்டையும் மறுபடி கேட்டேன். கிடார் நரம்பில் விரல் வழுக்கும் சத்தமும் பாடுகிறவரின் மூச்சும் போய், தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல இருந்தது.

மறுபடியும் கேசட்டைப் போட்டேன். முதல் பக்கம் ஒழுங்காக ஓடியது. இந்த முறை அப்படியே வேவ் பைலாக வைத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் பிளேயர் டேப்பைக் கடித்துவிட்டது. திறந்து பார்த்தால் ஒரு முழ நீளம் கசங்கி, ஓரிடத்தில் அறுந்தும் இருந்தது. ஒட்டி ஓட்டிப் பார்த்தேன், அதற்குப் பின் டேப் கீச்சிட்டு நின்று நின்று போனது. ஆகவே இரண்டாம் பக்கத்தின் பின் பாதி என்னிடம் அந்த 'சுத்தம்' செய்த பதிவாக மட்டுமே உள்ளது.

நாய்ஸ் ரிடக்ஷன் விண்டோவிலேயே ரெசிடியூ என்று ஒரு தேர்வு உண்டு. அதை முன்னமே கவனித்திருக்க வேண்டும். அதைத் தேர்வு செய்து பிரிவியூ கிளிக் செய்தால், எது நீக்கப்படப் போகிறதோ அது மட்டும் கேட்கும். அதில் பாட்டின் நிழல் கேட்டால் அளவு அதிகம் என்று பொருள். இப்போது நான் 6 டெசிபலுக்கு மேல் போவதில்லை. ரெக்கார்டின் 'பட் பட்' சத்தத்துக்கு கிளிக் ரிமூவல் என்ற வேறு எபெக்ட் உள்ளது. அதையும் நகலில்தான் செய்ய வேண்டும்.

இப்படிப் பதிந்த பாட்டை இண்டர்நெட்டில் ஏற்றலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1977 ரெக்கார்டு என்றால் 2037 முடியும்வரை உரிமையாளர் அனுமதி வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிந்து கேட்பதில் பிரச்சினை இல்லை.

எங்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் கண்ணாடித் தட்டுகளில் எடுத்த சூரியப் படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். வங்காளி சாரிடம் அதைச் சொன்னபோது, "தட்டில் இருக்கும் கீறலையும் புள்ளியையும் முதல் ஸ்கேனில் தொடவே மாட்டோம். எது சூரியன், எது தூசி என்று பிறகு வருகிறவன் பார்த்துக்கொள்வான்" என்றார்.

முதல் பக்கத்து வேவ் பைலை அவருக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்த பிறகு மணி இரண்டு முறை கேட்கிறது.