பாடுவோர்க்கு மெய்ப்பாடு: பத்மநாபபுரத்து இசைமரபு கொண்டு ஓர் ஆய்வு

தொல்காப்பியனார் கூறிய எண்வகை மெய்ப்பாடுகளைச் செய்யுளோடும் கூத்தோடும் பொருத்திக் காண்பதே நம்மிடைப் பெருவழக்கு. மேடையேறிப் பாடுவோர்க்கு மெய்ப்பாட்டியல் எவ்வாறு துணைசெய்யும் என்னும் வினா அத்துணை ஆராயப்பெறவில்லை. நாஞ்சில் நாட்டுப் பத்மநாபபுரத்தோடு தொடர்புடைய இரு சான்றுகளைக் கொண்டு அதனை ஈண்டு நோக்குவாம்.

அவ்வூரில் வாழ்ந்தவர் நீலகண்ட சிவன் (1839–1900). அவர்தம் தமிழ்ப் பாடல்களில் இளமையிலேயே ஈடுபட்டவர் பாபநாசம் சிவன். நீலகண்ட சிவன் முகாரியில் அமைத்த ‘என்றைக்குச் சிவகிருபை’ என்னும் பாடல், அருள் வாய்க்கும் நாளை எண்ணி ஏங்கும் உள்ளத்தின் வெளிப்பாடு. இதனைப் பாடும் இளைஞர் பலர் இருவகையாக இடறுகின்றனர். சிலர் பொருளில் தோயாது சுரங்களை மட்டும் ஒப்பிப்பர். சிலர் தோய்ந்து, தாமே கலங்கிவிடுவர். பின்னவர் நிலையே இரங்கத்தக்கது. ஏனெனில் அவர்பால் உணர்வு உண்டு, அதனைச் செலுத்தும் வழியே இல்லை. அழுகை மேலிடுங்கால் மிடறு இறுகும், குரல்வளை மேலெழும், மூச்சு ஆழமின்றி மேலோடும். பின்னர்க் கார்வை எங்ஙனம் நிற்கும்?

உரையாசிரியர் மெய்ப்பாட்டை நான்கு படிகளாகப் பகுத்தனர்: சுவைப்பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல். கண்ணீர் அரும்பலும் மயிர் சிலிர்த்தலும் விறலின்பாற்படும். பாடுவோர் முதல் மூன்றையும் தம்முள் நிகழ்த்திக் குறிப்பைக் குரலில் நிறுத்தல் வேண்டும். விறல் கேட்போர் உடம்பில் தோன்றுதற்கு உரியது என்பது எம் கருத்து. நடிகன் உணர்ச்சியின்றியே உணர்ச்சியைக் காட்டவேண்டும் எனப் பிரெஞ்சு அறிஞர் திதரோ வாதிட்டார். நம் உரைமரபு அத்துணைத் தொலைவு செல்லவில்லை. உள்ளத்தில் நிகழாதது குறிப்பாகாது.

முகாரியின் அமைப்பே இதற்கு உதவுகின்றது. ஏறுங்கால் சதுச்ருதியாக நின்ற தைவதம் இறங்குங்கால் சுத்தமாகத் தாழ்கின்றது. இரக்கம் அத்தாழ்விலேயே பிறந்துவிடுகின்றது. விம்மலை மேலும் கூட்டுதல் மிகை. ஆசிரியன் செய்யத்தக்கது, மாணாக்கனை முதலில் பாடலைச் செய்யுளாகச் சீர்பிரியாது, பொருள் பிரித்துப் படிக்கச் செய்வதாகும். அடுத்து, சொல்லை நீக்கி அகாரமாகப் பாடச்செய்து மூச்சு கொள்ளும் இடங்களை வரையறுக்க வேண்டும். கலங்கவைக்கும் அடி எது என்பது அவனவன் வாழ்வைப் பொறுத்தது. தாயை இழந்தவனுக்கு ஓரடி, பிறனுக்கு வேறோரடி. அவ்வடியைத் தனியறையில் கண்ணீர் வந்து ஓயுமளவும் பன்முறை பாடுதல் நன்று. அவ்வழுகையை அடக்கி வைத்தால் அது மேடையிலே வந்து நிற்கும்.

இரண்டாவது சான்று நவராத்திரி வழிபாடு. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டுச் சரசுவதி ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றாள். அத்திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பர். அது செவிவழிச் செய்தியே. ஆங்கு நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனங்கள், நாளுக்கு ஒன்றாக, முதன்மை பெறுகின்றன. சங்கராபரணம் முதல் நாளுக்கும் ஆரபி ஒன்பதாம் நாளுக்கும் உரியன. அவையோர் கைதட்டுதல் வழக்கமன்று.

இம்மரபின் பயனை இசையுலகம் போதிய அளவு எண்ணவில்லை. பாடற்பொருள் முன்னரே தெரிதலின் பாடுவோர் அதனுள் நெடிது தோய்ந்து வரலாம். கைதட்டல் இன்மையால் அவையின் கிளர்ச்சி அவரை இழுத்துச் செல்லாது. அதே வேளை, அஞ்சுவோர்க்குத் துணையாகவும் வாராது. தம்புராவின் சுருதி ஒன்றையே பற்றி நிற்றல் வேண்டும். கன்னியர்க்கும் முதியோர்க்கும் ஒப்பக் கடினமான இத்தேர்வு நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. 2006-ஆம் ஆண்டில் பாறசாலை பொன்னம்மாள் பாடிய பின்னரே அம்மண்டபத்தில் பெண்குரல் கச்சேரியாக ஒலித்தது. அப்போது அவர் எண்பதைக் கடந்த மூதாட்டியார்.