"நான் எங்க நிக்கிற, ரீச்சர்?"

வகுப்பறை நிலத்தில் வெண்கட்டியால் ஒரு பெரிய படம் கீறியிருந்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே திருகோணமலை வீதியும் பாலமும். தரம் 9 பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் சுற்றி நின்றார்கள். "எல்லாரும் உங்கட சொந்த ஊரில போய் நில்லுங்க" என்றேன்.

ஓடிப்போய் நின்றார்கள். பனிச்சங்கேணியில் ஒரு கூட்டம், மாங்கேணியில் சிலர், வாகரையிலும் கதிரவெளியிலும் இரண்டு மூன்று பேர். ஒரு பிள்ளை மட்டும் சுவரோரமாகவே நின்றாள்.

"நான் எங்க நிக்கிற, ரீச்சர்?"

நான் பதில் சொல்லும் முன்னரே பின்னாலிருந்து ஒரு பெடியன், "காட்டுக்க போய் நில்லு" என்றான். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

நாடகச் செயற்பாடுகளுக்காக மட்டக்களப்பிலிருந்து அந்தப் பாடசாலைக்குச் சென்ற முதல் நாள் அது. "நான் யார், எனது இடம் எது" என்பதை விளையாட்டாகப் பேச வைப்பதே நோக்கம். பயிற்சிப் பட்டறைகளில் நாங்கள் பெரியவர்கள் பலமுறை செய்து பார்த்த விளையாட்டுத்தான். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லக்கூடிய ஓர் ஊர் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டது என் பிழை.

அந்தப் பிள்ளையின் தாய்வழி உறவினர் வேடர் சமூகத்தவர். வாகரைப் பிரதேசத்தில் கரையோர வேடர்கள் பல ஊர்களில் வாழ்கிறார்கள். செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட வேடர்கள் பற்றிய நூலில் இவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். தமிழ்தான் இவர்களது வீட்டு மொழி. மீன்பிடி, சேனை, கூலிவேலை என்று அயலவரைப் போலவே உழைக்கிறார்கள். அயலவரோடு கலியாண உறவும் உண்டு. அப்படியிருந்தும் பாடசாலை விறாந்தையில் "வேடன்" என்பது இன்னும் ஏச்சாகத்தான் காதில் விழுகிறது. வள்ளியம்மனைக் கும்பிடும் ஊரில் வேடப் பெண் என்பது எப்படி ஏச்சானது என்று நான் யோசித்ததுண்டு.

அடுத்த கிழமை போகும்போது திட்டத்தை மாற்றியிருந்தேன். ஒருவரிடமும் அவரது சொந்தக் கதையைக் கேட்பதில்லை. ஊரின் கதையைக் கேட்பது. பனிச்சங்கேணி என்ற பெயர் எப்படி வந்தது என்று வீட்டில் விசாரித்து வரச் சொன்னேன். பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்தது என்றார்கள் பலர். நூல் வலை இருந்த காலத்தில் பனிச்சங்காயை இடித்துச் சாறெடுத்து வலையைத் தோய்ப்பார்களாம். நைலோன் வலை வந்ததோடு அந்த வேலை போயிற்றாம். உடனே நான்கு பேர் சேர்ந்து காய் இடித்தார்கள், இருவர் வலை பிடித்தார்கள், ஒருவர் மரமாக நின்றார். மரமாக நின்றவள் அந்தப் பிள்ளைதான். பேச வேண்டியதில்லை என்பதால் தேர்ந்தெடுத்தாளோ என்னவோ.

மூன்றாம் கிழமை உறைநிலைப் படிமங்கள் செய்தோம். ஒரு சொல் கொடுத்தால் குழுவாகச் சேர்ந்து அதை உடலால் காட்டி அசையாமல் நிற்க வேண்டும். "வீடு" என்றேன். ஒரு குழு தலையில் மூட்டையோடு நடக்கும் குடும்பத்தைக் காட்டியது. இந்தப் பிள்ளைகள் போரின்பின் பிறந்தவர்கள். ஆனாலும் 2004 சுனாமியும், 2006 இறுதியிலிருந்து 2007 தொடக்கம் வரை வாகரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்ததும் தாய்மாரின் வாய்வழியே இவர்களுக்குள் இறங்கியிருக்கின்றன. "முகாமில இருக்கக்க அம்மாவ 'வாகரையாள்' எண்டுதான் கூப்பிட்டவங்களாம், பேர் சொல்லிக் கூப்பிடல்ல" என்றாள் ஒருத்தி. ஊர்ப் பெயர் ஒரு பெண்ணின் பெயரையே மறைத்துவிடும் என்பதை அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

அதன் பிறகுதான் விவாத அரங்குக்கு வந்தோம். இதை உருவாக்கியவர் பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்தோ போல். இது பிறந்த கதையில் பெண்கள் இருக்கிறார்கள். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டமொன்றில் போல் பணியாற்றினார். எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் கணவன் வீடு கட்டவென்று காசு வாங்கி, அதற்குப் பற்றுச்சீட்டு என்று சில கடதாசிகளைக் கொடுத்துவந்தான். சந்தேகம் வந்து அவள் அயலில் வாசிப்பித்துப் பார்த்தபோது அவை அவனது காதலி எழுதிய கடிதங்கள்! அவன் வீடு வரும்போது என்ன செய்வது என்று அவள் கேட்க, அதையே நாடகமாக்கினார்கள். பார்வையாளர்கள் வழி சொல்ல, நடிகர்கள் செய்து காட்டினார்கள். ஒரு பெண்மணிக்கு மட்டும் திருப்தியில்லை. தான் சொன்னதை நடிகை சரியாகச் செய்யவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில், "அப்படியென்றால் நீங்களே வந்து செய்யுங்கள்" என்றார் போல். அவர் மேடையேறிச் செய்தது தும்புத்தடியோடு! அன்றிலிருந்து பார்ப்பவரே நடிப்பவராகும் முறை வளர்ந்தது.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது தும்புத்தடிதான் மிகவும் பிடித்தது. பிறகு ஒரு காட்சியை அவர்களே அமைத்தார்கள். வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வருகிறாள். ஊர் எது என்று கேட்கிறார்கள். அவள் பொய்யாக வேறொரு ஊரைச் சொல்கிறாள். பொய் பிடிபடுகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கள் வகுப்பில் நடந்ததை அவர்களும் மறக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரே விதி: யாரும் தன் கதையைத் தானே நடிக்கக்கூடாது. அந்தப் பிள்ளை மேசையில் தாளம் போடும் வேலையை எடுத்துக்கொண்டாள்.

காட்சியை மறுபடி நடத்தி, "நிறுத்து" என்று சொல்லி யாரும் உள்ளே வரலாம் என்றேன். முதலில் வந்தவன் கேலி செய்தவனுக்கு அடிக்கப் போனான். அது சண்டையில் முடிந்தது. அடுத்தவள் ஆசிரியரிடம் முறையிட்டாள். ஆசிரியராக நடித்தவன் நன்றாகத் திட்டினான். அவர் வெளியே போனதும் கேலி இன்னும் கூடியது. பிள்ளைகளுக்கு எங்களை எவ்வளவு நன்றாகத் தெரியும்! மூன்றாவதாக வந்தவள் பொய் சொல்லவுமில்லை, கோபப்படவுமில்லை. கேலி செய்தவனிடம், "உங்கட பெத்தா எந்த ஊர்?" என்று கேட்டாள். அவன் விழித்தான். அவனது பாத்திரத்துக்குப் பதில் எழுதப்படவில்லை. "தெரியா, கேட்டுத்தான் சொல்லணும்" என்றான். அதற்குப் பிறகு காட்சி நகரவில்லை. பிள்ளைகள் தங்கள் பெத்தாமாரின் ஊர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வேலை மட்டக்களப்புக்குப் புதிதல்ல. 1996இல் மட்டக்களப்பு நகரில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் கதையும் களிமண்ணும் நாடகமுமாக ஒன்றாக விளையாடினார்கள். பேராசிரியர் சி. மௌனகுரு சிறுவர் நாடகங்கள் எழுதினார். கலாநிதி சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது, அண்ணாவிமாரும் பிள்ளைகளும் ஒரே களரியில் நின்றார்கள். நாடகமும் அரங்கியலும் எமது பாடசாலைகளில் ஒரு பாடமாகவும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது பரீட்சைக்கும் தமிழ்த்தினப் போட்டிக்கும்தான் என்பது என் கவலை. போட்டியில் சத்தமாகப் பேசும் பிள்ளை வெல்லும். மரமாக நிற்கும் பிள்ளைக்குப் புள்ளி இல்லை.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியைகளுக்கு ஒன்று சொல்லலாம். கேலிச் சொல்லொன்று காட்சியில் வந்தால் அன்றைக்கே அதைப் பேசி முடித்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்புங்கள். நேரம் போய்விட்டது என்று நான் ஒருநாள் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த நாள் இடைவேளையில் அந்தச் சொல்லையே பிள்ளைகள் விளையாட்டாக்கியிருந்தார்கள்.

கடைசி நாள் தாய்மாரை அழைத்திருந்தோம். வந்தவர்களில் பலர் பெத்தாமார்தான். சில தாய்மார் வெளிநாட்டில். அந்தப் பிள்ளையின் பெத்தாவும் வந்திருந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் விறாந்தையில் குந்தியிருந்து, நிலத்தில் திரும்பவும் கீறியிருந்த எங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தபின் பிள்ளை என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், குளத்தப் பிழையான பக்கம் கீறியிருக்காம். பெத்தா சொல்றா."

வெண்கட்டியைக் கொடுத்தேன். ஏற்கெனவே இருந்த குளத்தைக் கையால் அழித்துவிட்டு, வாசலில் இருந்த பெத்தா விரலால் காட்டக் காட்ட, வீதிக்கு மேற்கே நெடுந்தூரம் தள்ளி ஒரு குளமும், அதற்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் கீறினாள். இடம் போதவில்லை. பெடியன்கள் இரண்டு மேசைகளைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.