கருவண்டுப் புழுவின் குடலுக்குள்ளே

வளவின் மூலையில் குவித்துவைத்த மாட்டெருவைக் கிளறும்போது, சிலவேளை கட்டைவிரலை விடப் பருத்த வெள்ளைப் புழுவொன்று உருண்டு விழும். தலை பழுப்பு நிறம். உடல் பிறைபோல வளைந்திருக்கும். பின்பாகம் மட்டும் சாம்பல் பூத்து, உள்ளே ஏதோ நிரம்பியிருப்பது வெளியே தெரியும்படி ஊதியிருக்கும். இக்கட்டுரை அந்த ஊதிய பின்பாகத்தைப் பற்றியது.

புழு, தென்னையின் பகைவனான கருவண்டின் குடம்பி. காண்டாமிருக வண்டு என்றும் சொல்வார்கள். நிறைவுடலியான வண்டு தென்னையின் குருத்தைத் துளைத்து உள்ளே போகும். பின்னர் ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோண வெட்டுகள் தெரியும். அந்தக் காயத்தின் வழியே செவ்வண்டும் வந்து முட்டையிட்டால் மரமே பட்டுப்போகும். நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழியும் நமக்கு, ஒரு மரம் போனால் எவ்வளவு போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குடம்பி பச்சை மரத்தைத் தொடுவதில்லை. உக்கிய தென்னங்குற்றி, எருக்குவியல், மரத்தூள், தும்புத்தூள் ஆகியவையே அதன் வீடும் உணவும்.

இவற்றில் என்ன சத்து இருக்கிறது? செலுலோசும் இலிக்னினும்தான் பெரும்பங்கு. மாட்டெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு ஒருமுறை சமிபாடு செய்து, இனி ஒன்றும் எடுக்க முடியாது என்று தள்ளிவிட்ட மிச்சம் அது. அதைத் தின்று இந்தப் புழு விரல் பருமனுக்கு வளர்கிறதென்றால், அதன் சொந்த நொதியங்களால் மட்டும் இது ஆகிற காரியமல்ல.

இவ்வகை வண்டுகளின் குடம்பிகளில் குடல் இரு வேறு உலகங்களாகப் பிரிந்திருக்கிறது. நடுக்குடல் கடுமையான காரத்தன்மை உடையது. ஆபிரிக்காவைச் சேர்ந்த பக்னோடா என்னும் உறவு வண்டின் குடம்பியில் அதன் பி.எச். பெறுமானம் 10ஐயும் தாண்டுகிறது. சவர்க்காரக் கரைசலை ஒத்த இந்தக் காரம், உக்கிய பொருளோடு பிணைந்து கிடக்கும் புரதத்தைக் கரைத்து விடுவிக்க உதவுகிறது. அடுத்து வரும் பின்குடலோ ஒரு பை போல அகன்றது. அங்கே காரம் தணிந்து நடுநிலைக்கு வந்துவிடும். ஒட்சிசனும் மிகக் குறைவு. நாம் வெளியிலிருந்து கண்ட ஊதல் இதுதான். மாட்டுக்கு நொதிக்கும் அறை முன்னால் இரைப்பையில் இருக்கிறது. புழுவுக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தப் பையில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. ஒரே இனமல்ல, பல்வேறு கூட்டங்கள். ஏன் இத்தனை வகை? ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது என்பதால். ஒரு கூட்டம் செலுலோசின் நீண்ட சங்கிலியைச் சீனித் துண்டுகளாக அறுக்கும். இன்னொரு கூட்டம் அச்சீனியை நொதிக்கச் செய்து அசற்றிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்கும். அந்த அமிலங்கள் குடற்சுவரூடாக உறிஞ்சப்பட்டுப் புழுவுக்குச் சக்தி தருகின்றன. நொதித்தலில் ஐதரசன் வாயுவும் சேரும். அது தேங்கினால் வேலை மந்தமாகிவிடும். அதை எடுத்து மெதேனாக மாற்ற, ஆர்க்கியா எனப்படும் வேறொரு நுண்ணுயிர்ச் சாதி காத்திருக்கிறது. அருவருத்துத் தூக்கி எறியும் ஒரு புழுவுக்குள் படைத்தவன் வைத்திருக்கும் ஒழுங்கு இது.

இந்தக் குடித்தனக்காரர் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் விழுங்கும் உணவோடுதான். ஆனால் வந்தவர் எல்லோருக்கும் உள்ளே இடமில்லை. ஐரோப்பாவில் பயிர்வேர்களைத் தின்னும் மெலொலொந்தா வண்டின் குடம்பிகளை ஆராய்ந்தபோது, நடுக்குடலின் பற்றீரியாக்கள் புழுவுக்குப் புழு வேறுபட்டன. பின்குடலில் உள்ளவையோ பெரிதும் ஒத்திருந்தன. நடுக்குடல் வழிப்போக்கர் தங்கும் மடம், பின்குடல் நிரந்தரக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு சங்கதி: பூச்சி தோலுரிக்கும்போது பின்குடலின் உட்போர்வையும் சேர்ந்தே கழன்றுவிடும். அதில் ஒட்டியிருந்த பற்றீரியாக்களும் போய்விடும். புழு மறுபடி தன் குவியலைத் தின்றுதான் பையை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நன்மை வரும் இதே வழியால் தீமையும் வரலாம். இதற்குச் சான்றான ஒரு கதை நம் நாட்டிலேயே தொடங்குகிறது. 1909இல் இலங்கையிலிருந்து போன இறப்பர் கன்றுகளோடு கருவண்டு பசிபிக்கிலுள்ள சமோவாத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பல தீவுகளின் தென்னைகளையும் பாழாக்கியது. 1963இல் அலோய்ஸ் ஹியூகர் என்ற ஜேர்மனிய அறிஞர் மலேசியாவில் நோயுற்ற குடம்பிகளிலிருந்து ஒரு வைரசைக் கண்டுபிடித்தார். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். வைரசு வண்டின் நடுக்குடற் கலங்களில் பெருகி எச்சத்தோடு வெளியேறும். நோயுற்ற வண்டு இன்னொரு குவியலுக்குப் பறந்து போகும். அங்குள்ள புழுக்கள் அதை உணவோடு விழுங்கும். பூச்சிநாசினி போய்ச் சேராத குவியலின் அடிவயிற்றுக்கு நோயை வண்டே சுமந்து போனது. தென்னைச் சேதம் வெகுவாகக் குறைந்தது. எனினும் 2007இல் குவாம் தீவில் பரவிய வண்டு வகைக்கு அந்த வைரசு சரியாக வேலை செய்யவில்லை. அங்கே போராட்டம் இன்னும் ஓயவில்லை.

நம் வளவுக்கு வைரசு தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். புழுவின் குடல் மாதக்கணக்காக வேலை செய்தால்தான் அது வண்டாகும்; அதற்குக் குவியல் கலையாமல் கிடக்க வேண்டும். எருவை இரண்டு, மூன்று கிழமைக்கொருமுறை புரட்டி, அகப்படும் புழுக்களைக் கோழிக்குப் போடலாம். வெட்டிய தென்னங்குற்றியை உக்கவிடாமல் கிழித்து விறகாக்கலாம். பட்டமரத்தை நிற்கவிடுவதுதான் பலரும் செய்வது. அதன் உச்சி உக்கினால் அங்கேயும் முட்டையிட வண்டு வரும்.