தாத்தாவின் கத்திக்குப் புது வாழ்வு!

பரணில் கிடந்த பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு மடக்குக் கத்தி! தாத்தா வைத்திருந்தது. பிடி கறுத்திருக்கிறது. அலகு துருப்பிடித்து, திறக்கவே மறுக்கிறது. தூக்கி எறிவதா?

"கூடாது!" என்கிறார்கள் பிரான்சு நாட்டில். அங்கே பரணில் கிடைக்கும் கத்தி "ஒப்பினெல்" கத்தியாக இருக்கலாம்.

ஆல்ப்ஸ் மலையில் சவாய் என்று ஒரு பகுதி. அங்கே கோடாரி, அரிவாள் செய்யும் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் ஒப்பினெல். 1890-ம் ஆண்டில் இந்தக் கத்தியைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 18தான்! ஒரு மரப்பிடி, ஓர் அலகு, கோத்துப் பிடிக்க ஓர் ஆணி. வேறு வித்தை எதுவும் இல்லை. அதனால்தான் வீட்டிலேயே பழுது பார்க்க முடிகிறது.

வயது என்ன?

முதலில் அலகைப் பார்க்க வேண்டும். கிரீடமும் கையும் சேர்ந்த முத்திரை இருந்தால், கத்தி 1909-க்கு முந்தியது அல்ல.

பிறகு, கத்தியின் கழுத்து. அங்கே சுழலும் வளையம் உண்டா? ஜோசப்பின் மகன் மார்செல் 1955-ல் அதைக் கண்டுபிடித்தார். வளையத்தைத் திருகிவிட்டால் அலகு மடங்காது. அது இல்லாத பழைய கத்தி, வேலை நடுவே "டக்"கென்று மடங்கி விரலை வெட்டிவிடும்! அதைப் புதுப்பித்தாலும் அழுத்தி வெட்டும் வேலைக்கு எடுக்கக்கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது.

திறப்பது எப்படி?

பிடி பீச் மரத்தால் ஆனது. ஈரம் பட்டால் உப்பி, அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நன்றாகக் காய வைத்து, பிடியின் அடி முனையை மேசையில் தட்டுவார்கள். அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும். சவாய் மக்களின் பழைய வழி இது.

துருவுக்கு எண்ணெயும் மெல்லிய உப்புத்தாளும் போதும். முத்திரைமேல் தேய்க்கக்கூடாது. அது அழிந்தால் கத்தியின் வரலாறே அழிந்துவிடும்.

அவசரக்காரர்கள் மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வைப்பார்கள். அங்கேதான் ஆபத்து! சூட்டில் எஃகு நீலமாக மாறினால், பதம் போயிற்று என்று பொருள். அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சாணைக்கல்லில் கையால் தீட்டுவதே நல்லது.

எரியும் துணி

பழைய மெருகைத் தேய்த்து எடுத்த பிறகு, பிடியில் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும்! விரித்துக் காயப் போட வேண்டும்.

பிறகு அவரவர் விருப்பம். சிலர் பிடியில் பூ செதுக்குகிறார்கள். சிலர் சூட்டுக்கோலால் சித்திரம் வரைகிறார்கள். தாத்தா பிடியில் கீறி வைத்த எழுத்துகள் இருந்தால், அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டு, பக்கத்தில் பேரனின் எழுத்தைப் பொறிப்பவர்களும் உண்டு.