சாவு வீட்டில் சிரிப்பு! செத்தவர் குறையைப் பாடும் "மரண கானா"

சென்னையில் செத்தவர் எல்லாரும் நல்லவர்! சுவரில் ஒட்டும் "கண்ணீர் அஞ்சலி" போஸ்டரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வாங்கிய கடனைத் திருப்பித் தராத பேர்வழிகூட போஸ்டரில் "வள்ளல்" ஆகிவிடுவார்.

ஆனால் வடசென்னையில் போஸ்டர் ஒன்று சொல்லும், பாட்டு வேறு சொல்லும். அந்தப் பாட்டுதான் "மரண கானா".

முதலில் விசாரணை

புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் சாவு விழுந்தால் ராத்திரி பந்தலில் கானா நடப்பது பழைய வழக்கம். 16-ம் நாள் காரியத்துக்கும் பாடுவார்கள். டேப்பு, டோலக்கு இருந்தால் சரி. இல்லாவிட்டால் மேசை, குடம், தீப்பெட்டி எல்லாமே தாளம்தான்.

பாடகர் வந்ததும் பாட ஆரம்பிக்க மாட்டார். வீட்டுப் பையனைக் கூப்பிட்டு விசாரிப்பார். "தம்பி, அப்பா பேரு இன்னா? எத்தினி புள்ளைங்க? இன்னா வேலை? இன்னா பழக்கம்?" கேட்டதை எல்லாம் அங்கேயே மெட்டில் கோத்துவிடுவார்.

செத்தவர் ஆட்டோக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சவாரிக்குப் பேரம் பேசிய விதம், வசூலில் பாதி மதுக்கடைக்குப் போனது, திரும்பி வரும்போது சந்து அகலம் போதாமல் தடுமாறியது, காலையில் வீட்டம்மாவிடம் வாங்கிய திட்டு, எல்லாம் வரும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

அடுத்த அடி திரும்பும். இனிமேல் அந்தம்மா யாரைத் திட்டும்? அவ்வளவுதான். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தவர் "ஐயோ" என்று அலறிவிடுவார். "வள்ளல்" என்று பாடியிருந்தால் அந்த அழுகை வந்திருக்குமா?

அடித்தவன் செத்தால்?

கண்டதையும் பாட முடியாது. குடி பாடலாம், கடன் பாடலாம். "சின்ன வீடு" விவகாரத்தை இழுத்தால் மச்சான்மார் சும்மா இருக்க மாட்டார்கள். பந்தலிலேயே கைகலப்புதான்!

பெண்டாட்டியைத் தினமும் அடித்தவன் செத்தால்? அதையும் தமாஷாக்கிச் சிரிக்க வைத்தால், அது போஸ்டர் பொய்யைவிட மோசமான பொய். அந்த உண்மைக்கு வேறு இடம் இருக்கிறது. ஒப்பாரி! மார்பில் அடித்துக்கொண்டு, பட்ட பாட்டையும் புகுந்த வீட்டுக் கொடுமையையும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுவார்கள் பெண்கள். உயிரோடு இருந்தபோது வாய் திறந்தால் உதை. பிணத்தின் முன்னால் யார் தடுப்பது?

10 மணிக்கு மைக் கட்

"சாவுப் பாட்டு" என்று ஒரு காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. 2006-ல் "சித்திரம் பேசுதடி" படத்தில் கானா உலகநாதன் பாடினார். 2012-ல் "அட்டகத்தி"யில் கானா பாலா பாடினார். கல்யாண வீட்டிலும் கானா கேட்கிறது. விஜி என்ற பாடகர் "மரண கானா"வைப் பெயரோடு பட்டமாகவே சேர்த்துக்கொண்டார்.

பந்தலில்தான் சிக்கல். 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் உள்ள ஊரில் அது நியாயம்தான். ஆனால் வேலை முடிந்து சொந்தபந்தம் வந்து சேரவே 9 மணி ஆகிறது. மாலை போட்டு, ஒரு டீ குடித்து உட்கார்ந்தால் மைக் கட்! அப்புறம் குடம்தான்.