கணவன், மனைவி இருவருக்கும் வேலைத்தலக் காப்புறுதி: இரண்டும் தேவையா?

ஒன்ராறியோவில் மருத்துவரைச் சந்திப்பதற்கும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும் ஆகும் செலவை மாகாணத்தின் சுகாதாரக் காப்புறுதித் திட்டமான ஓஹிப் ஏற்கின்றது. பற்சிகிச்சை, மூக்குக்கண்ணாடி, வேலைசெய்யும் வயதினர் மருந்தகத்தில் வாங்கும் மருந்துகள் ஆகியவற்றில் பெரும்பகுதி அதற்கு வெளியே நிற்கின்றது. அந்த இடைவெளியை நிரப்பவே தொழில்தருநர்கள் குழுக் காப்புறுதியை வழங்குகின்றனர். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் இரு காப்புறுதிகள் வந்து சேர்வது வழமை. சிலர் கணக்குப் பார்க்காமல் இரண்டுக்கும் பணம் செலுத்துகின்றனர். வேறு சிலர் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகையைக் கண்டு ஒன்றை அவசரமாகக் கைவிடுகின்றனர். முதலாமவருக்குப் பணம் மட்டுமே வீணாகும். இரண்டாமவருக்கு நேரக்கூடிய இழப்பு அதைவிடப் பெரியது.

இரண்டு காப்புறுதி இருந்தால் ஒரே பற்றுச்சீட்டுக்கு இருமுறை பணம் கிடைக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். இரு திட்டங்களும் சேர்ந்து கொடுப்பது செலவான தொகையை ஒருபோதும் தாண்டாது. ஒருவருடைய செலவுக்கு அவருடைய சொந்தத் திட்டம் முதலில் கொடுக்கும். மீதிக்கு வாழ்க்கைத்துணையின் திட்டத்தை நாடலாம். பல் மருத்துவரின் கட்டணம் 200 டொலர், இரு திட்டங்களும் 80 சதவீதம் ஏற்பவை என்று கொள்வோம். முதல் திட்டம் 160 டொலரைக் கொடுக்கும். இரண்டாவது எஞ்சிய 40 டொலரை மட்டும் கொடுக்கும். இரண்டாவது நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது முதல் நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்பதைக் காட்டும் கூற்றையும் இணைத்தல் வேண்டும். மருந்தகங்களில் இரு அட்டைகளையும் கொடுத்தால் இது பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

பிள்ளைகளின் செலவுக்கு விதி வேறு. தாய், தந்தை இருவரில் எவருடைய பிறந்தநாள் ஆண்டில் முந்தி வருகின்றதோ, அவருடைய திட்டமே முதலில் கொடுக்கும். பிறந்த ஆண்டு கணக்கில் எடுக்கப்படுவதில்லை. மாதமும் நாளும் மட்டுமே பார்க்கப்படும். தாய் மார்ச் 12, தந்தை பெப்ரவரி 4 எனில் தந்தையின் திட்டத்துக்கே முதலில் அனுப்ப வேண்டும், தாயின் திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும்.

கணக்குப் பார்க்கும் முறை

இரண்டாவது திட்டத்துக்கு ஓராண்டில் கட்டும் தொகையையும், முதல் திட்டம் கொடுத்தபின் குடும்பம் கையிலிருந்து செலுத்தும் மீதியையும் ஒப்பிடுவதே சரியான வழி. உதாரணமாக, மனைவியின் குடும்பத் திட்டத்துக்குத் தொழில்தருநரே முழுப் பணமும் கட்டுகின்றார். கணவனுடைய சம்பளத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை 45 டொலர் பிடிக்கப்படுகின்றது எனக் கொள்வோம். 26 சம்பளங்களுக்கு அது 1,170 டொலர். ஒன்ராறியோவில் குழுக் காப்புறுதிக் கட்டணத்துக்கு 8 சதவீத விற்பனை வரியும் உண்டு. ஆகவே ஏறக்குறைய 1,264 டொலர். அந்தக் குடும்பத்தின் ஆண்டு மீதி 800 டொலர் எனில், இரண்டாவது திட்டம் நட்டமே.

ஆனால் பிள்ளை ஒன்றுக்குப் பல் நேராக்கும் கம்பி போட வேண்டிய நிலை வந்தால் கணக்கு மாறும். சிகிச்சைக்கு 6,500 டொலர் ஆகின்றது. ஒவ்வொரு திட்டமும் ஒரு பிள்ளைக்கு வாழ்நாளில் 2,000 டொலர் வரை கொடுக்கின்றது என்றால், இரண்டாவது திட்டம் மேலும் 2,000 டொலரைக் கொண்டுவரும். சிகிச்சை நீடிக்கும் இரண்டு ஆண்டுகளில் கட்டணம் 2,528 டொலர். கிடைப்பது வழமையான மீதியோடு 3,600 டொலர். தொடர்ந்து இயன்மருத்துவம் பெறுபவர், விலையுயர்ந்த மருந்தை நாளாந்தம் எடுப்பவர் உள்ள வீடுகளிலும் இவ்வாறே. ஆண்டு உச்சவரம்பு விரைவாகத் தீரும் இடத்தில்தான் இரண்டாவது திட்டம் தன் விலையை மீட்டுத்தரும். கட்டணம் இலவசமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால், கைவிட வேண்டிய காரணம் இல்லை.

சம்பளத்தில் பிடிக்கப்படும் சுகாதாரக் காப்புறுதிக் கட்டணத்தை வருமானவரிப் படிவத்தில் மருத்துவச் செலவாகக் காட்டலாம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

விலகும் முன்

வாழ்க்கைத்துணையின் திட்டத்தில் இருப்பதைக் காட்டி மருத்துவ, பற்சிகிச்சைப் பகுதிகளிலிருந்து விலகப் பெரும்பாலான தொழில்தருநர்கள் அனுமதிப்பர். ஆயுள் காப்புறுதியும் இயலாமைக் காப்புறுதியும் வேறு. அவற்றை வாழ்க்கைத்துணையின் திட்டம் ஈடுசெய்யாது. விலகும் படிவத்தில் அவை தவறுதலாகக் குறிக்கப்படவில்லை என்பதைச் சரிபார்த்தல் வேண்டும்.

கணவன் வேலையை இழந்தால் அவருடைய திட்டமும் போய்விடும். அப்போது முன்பு விலகியிருந்த மனைவி தம் திட்டத்தில் மீண்டும் சேரலாம். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. பொதுவாக அது 31 நாட்கள். வேலையிழப்பின் குழப்பத்தில் இந்த நாட்கள் கழிந்துபோவது எளிது. கெடு தவறினால் உடல்நிலை குறித்த வினாப்பத்திரம் வரும். நீரிழிவோ இதயநோயோ உள்ளவரின் விண்ணப்பம் மறுக்கப்படவும் கூடும். பற்சிகிச்சைக்கு முதலாண்டில் சிறு தொகை மட்டுமே அனுமதிக்கப்படலாம். எனவே விலகுவதற்கு முன்பே மனிதவளப் பிரிவிடம் இந்தக் கெடுவை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளல் நன்று. நோயாளர் உள்ள வீட்டில், சற்று நட்டமானாலும் இரண்டையும் வைத்திருப்பது நியாயமான தெரிவே.

வேலைத்தலப் பற்காப்புறுதியைக் கைவிட்டால் கூட்டாட்சி அரசின் கனேடியப் பற்பராமரிப்புத் திட்டம் கிடைக்கும் என எண்ணிச் சிலர் விலகுகின்றனர். அது நடவாது. குடும்ப நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருந்தாலும், தம்முடைய அல்லது குடும்பத்தவரின் வேலை மூலம் பற்காப்புறுதி பெற வாய்ப்புள்ளவர் அத்திட்டத்துக்குத் தகுதி பெறுவதில்லை. அவர் அதை ஏற்க மறுத்திருந்தாலும் நிலை அதுவே. தொழில்தருநர் வழங்கும் டி4 படிவத்தின் 45ஆம் பெட்டியில் இந்த வாய்ப்பு குறிக்கப்பட்டிருக்கும்.