கூரைக்கு ஒரு வாய்க்கால்

மழை வேண்டுமென்று வருஷத்தில் ஒன்பது மாதம் வானத்தைப் பார்த்து வேண்டிக் கொள்கிறோம். ஆனால் வந்த மழைக்கு இறங்கிப் போக வழி வைக்கிறோமா? வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி வைத்தால் அவர் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவார். மழைநீருக்கு அந்த ரோஷம் கிடையாது. வழி கொடுக்காவிட்டால் அது தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். அந்த வழி பெரும்பாலும் நம் வீட்டு மரத்தின் ஊடேதான் செல்கிறது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் இன்று கான்கிரீட் வீடுகளே மிகுதி. ஆயினும் பழைய தெருக்களில் தாழ்வாரமும் மரத்தூணும் கொண்ட ஓட்டு வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. சிலவற்றின்மீது நாட்டு ஓடு. சிலவற்றின்மீது மங்களூர் ஓடு. பாஸல் மிஷனார் 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு இது. ஓடு எதுவாயினும், அதைத் தாங்குவது மரம். கைமரம், சட்டம், ரீப்பர், இறவாரத்தின் முகப்புப் பலகை என்று வீட்டின் வெளி விளிம்பு முழுவதும் மரமே. அந்த விளிம்பில் மாட்டிய தகர வாய்க்காலும், இரு கூரைகள் சந்திக்கும் கூடல்வாய்த் தகரமுமே அம்மரத்துக்குக் காவல்.

அந்தக் காவலனுக்கு உள்ள வேலை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 100 சதுர மீட்டர் கூரையின்மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 1,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் அறுபத்தாறு குடத்துக்கு மேல்! சென்னைப் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அது கொட்டிய விதத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

கேடு தொடங்குவதோ மழைக்காலத்தில் அன்று, கோடையில். மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்க்கிறது. அத்துடன் மாம்பூவும் தென்னம்பன்னாடையும் அணிற்கூடும் சேர்ந்து வாய்க்காலில் படிகின்றன. தெருப்புழுதி மேலே விழுந்து அவற்றை மண்ணாக்கிவிடுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கேயிருந்து மாலை வேளையில் இடிமழை வரும்போது அந்த மண் நனைந்து ஊறுகிறது. சில வீடுகளில் அங்கே அரசங்கன்றுகூட முளைத்து நிற்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும், போக வழியற்ற நீர் உட்புறமாக வழிந்து முகப்புப் பலகையையும் கைமர முனைகளையும் நனைக்கத் தொடங்குகிறது.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. அறுபட்ட முனை அக்குழாய்களின் திறந்த வாய். பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பன்மடங்கு வேகமாக அம்முனை நீரைக் குடித்துவிடும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கும்வரை பயமில்லை. அதைத் தாண்டிப் பல நாள் நீடித்தால் காளான் பற்றி உளுத்துப் போகும். கார்த்திகை மேகமூட்டத்தில் உலர்வதற்கு வெயில் ஏது? ஈரம் கண்ட இடத்தைக் கறையானும் நாடி வரும். தேக்கின் வைரம் நெடுநாள் தாங்கும். வெளுப்பு மரம் தாங்காது. பனஞ்சட்டத்திலும் கருத்த வைரமே உறுதி. உள்ளிருக்கும் சோறு மெத்தென்றது.

இதில் வர்ணம் செய்யும் துரோகம் வேறு. பொங்கலுக்குப் பளபளவென்று அடித்த எண்ணெய் வர்ணம், முனைவழி புகுந்த நீரை வெளியே போகவிடாமல் அடைத்து வைக்கிறது. மேலே அழகு, உள்ளே பொடி. மாடிவீட்டுக்காரர்களும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட பழைய மெட்ராஸ் மாடிகளில் தூம்பு அடைத்துக்கொண்டால், சுவருக்குள் பதிந்த உத்தர முனைதான் முதலில் உளுக்கும். அது கண்ணுக்கும் தெரியாது.

பின் ஏன் யாரும் கவனிப்பதில்லை? குடியிருப்பவர், "வீட்டுக்காரர் பார்த்துக் கொள்ளட்டும்" என்கிறார். வீட்டுக்காரரோ, "குடியிருப்பவர் சொல்லவில்லையே" என்கிறார். பங்காளிகளின் பொதுவீடாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கூரையில் ஏறுகிறவர் செலவுக்கும் பொறுப்பாவாரோ என்று எல்லோரும் தரையிலேயே நின்றுவிடுகிறார்கள். இறுதியில் கூரையே தரைக்கு இறங்கி வந்துவிடுகிறது. அதன்பின் அத்தகைய தேக்குக்கும், அதை இழைத்துப் பூட்டும் தச்சருக்கும் எங்கே போவது?

செய்ய வேண்டியது அற்பம். சித்திரையில் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை வாய்க்காலையும் கூடல்வாயையும் வழித்துச் சுத்தம் செய்க. மேல்முனையில் ஒரு வாளி நீரை ஊற்றிக் கீழ்முனையில் முழுதும் இறங்குகிறதா என்று பார்க்க. மூன்று மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாவது வேண்டும். குழாய் வாயில் கம்பிவலை வைக்க. கைமர முனையைக் கத்திநுனியால் குத்திப் பார்க்க. நுனி எளிதில் இறங்கினால் உடனே தச்சரைக் கூப்பிடுக. ஏணி வைக்குமுன் மின்சாரக் கம்பி அருகில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் முதற் காரியம்.

அப்படி இறக்கிய நீரைத் தெருவுக்கு விரட்டவும் வேண்டாம். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைச் சேமிக்க வேண்டுமென்று 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி 2019-ஆம் ஆண்டுக் கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்ததையும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்ததையும் நாம் மறக்கலாகாது. முதல் மழையில் கூரை அழுக்குக் கழுவிப் போகட்டும். பிறகு வருவதை வடிகட்டிக் கிணற்றில் விடலாம். கைமரத்தை உளுக்கச் செய்யும் அதே நீர், நான்கு முழக் குழாய் ஒன்றைக் கடந்துவிட்டால் கோடையில் குடிக்கும் நீராகிறது.

ஐப்பசி வருமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள்.